கரண்ட் போனால் அருவி வரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோருமே உரக்கத்தான் பேசுவார்கள். பதுளைக்கு வேலைக்குப் போகும்வரை அது எனக்குத் தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்திருந்தேன். படம் எடுப்பது, பிரேம் போடுவது, போட்டோ கொப்பி அடிப்பது எல்லாம் அங்கே நடக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே முதலாளி என்னைப் பார்த்து, நான் பக்கத்தில்தானே நிற்கிறேன், எதற்காக அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி, கடைசி வளைவில் இறங்கி, தேயிலைக்கு நடுவே நடந்து மேலேறியபோதுதான் காரணம் காதில் விழுந்தது. அருவி.

லயத்துக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், கறுத்த பாறை ஒன்று மலையின் தோளிலிருந்து பள்ளம்வரை இறங்கியிருந்தது. அதன்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அந்த அருவிக்குப் பெயர் கிடையாது. படம் பிடிக்க யாரும் வந்ததில்லை. நாங்கள் ‘தண்ணி’ என்றே சொல்வோம். தண்ணிக்குப் போயிட்டு வாறேன், தண்ணிகிட்ட துணி காயுது, தண்ணி இன்னிக்கு நல்லா பேசுது. பிறந்ததிலிருந்து காதில் இருந்ததால் அது ஒரு சத்தமாகவே தோன்றாது. அதற்கு மேலாகப் பேசப் பழகியிருந்தோம், அவ்வளவுதான். ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களில் அத்தனை குடும்பங்கள் இருந்தும், பக்கத்து வீட்டுச் சண்டை எங்களுக்கும் எங்கள் வீட்டு அழுகை அவர்களுக்கும் கேட்டதில்லை. அந்த உபகாரத்தை அருவி செய்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் காம்பராவில் அக்காவும் அவள் கணவரும் இருந்தார்கள். அக்கா கொழுந்து பறிக்கிறவள். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம். என்னைத் தூக்கி வளர்த்ததே அவள்தான். அவள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை அவருக்கு. அதிகம் பேசமாட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்க பதுளையில் ஒரு வாடகை அறையில் இருந்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் நான் அவர்களிடம் வந்துவிடுவேன்.

அக்கா மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அருவிக்குக் கீழே இருந்த மடுவுக்குப் போய்விடுவாள். மற்றப் பெண்கள் குளித்து, துணி அலசிப் பிழிந்துகொண்டு ஏறிவிடுவார்கள். அவள் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அருவியின் தூறல் அவள் தலைமேல் புகைபோல இறங்கிக்கொண்டிருக்கும். கரையில் கல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால், அவள் தண்ணீரில் நிற்கிறாளா, தண்ணீர் அவளைச் சுற்றி நிற்கிறதா என்று எனக்கே மயக்கமாகிவிடும். அப்படி நின்று என்ன யோசிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். ஒன்றும் யோசிக்காமல் இருக்கத்தான் இங்கே வருகிறேன் என்றாள்.

அந்தத் தண்ணீரில் கரண்ட் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு முதலில் பஸ்ஸில்தான் எனக்குக் கிடைத்தது. பெரிய அணை அல்ல. அருவிக்கு மேலே ஆற்றை மறித்து ஆள் உயரத்துக்கு ஒரு கட்டு. அங்கிருந்து ஒரு பெரிய பைப்பில் தண்ணீரை இறக்கிப் பள்ளத்தில் ஒரு பவர்ஹவுஸ். மிஷினைச் சுற்றிவிட்டு தண்ணீர் மறுபடி அதே ஆற்றில் விழுந்துவிடும். ஒரு சொட்டும் குறையாது என்றார்கள். நடுவிலே அருவி இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. வாலிபர்களுக்கு வேலை கிடைக்கும் என்ற நினைப்பு. த்ரீவீல் ஓட்டுகிற ஒருவர், இதைச் சாக்காக வைத்தாவது ரோடு போடுவார்களே என்றார். எங்கேயோ மலையைக் குடைந்ததில் கிணறெல்லாம் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்துப்போனதாகக் கேள்வி என்று முன்சீட்டில் இருந்த அம்மா சொன்னதும், த்ரீவீல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டூடியோவில் முதலாளியிடம் இதைச் சொன்னேன். சும்மா ஓடுகிற தண்ணீர்தானே, அதில் நாலு பல்ப் எரிந்தால் நல்லதுதானே என்றார். அவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது.

கம்பெனிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வந்த இஞ்சினியர் நல்ல மனிதர். நாற்காலி போட்டிருந்தும் எங்களோடு தரையில் உட்கார்ந்தார். அவர் சிங்களத்தில் சொல்வதை, கூட வந்த இளைஞர் தமிழில் சொன்னார். குளிக்கவும் துவைக்கவும் எங்கே போவது என்று பெண்கள் கேட்டார்கள். லயத்துக்குப் பக்கத்திலேயே டேங்க் கட்டி, பைப் போட்டு, துவைக்கிற கல்லும் வைத்துத் தருவதாகச் சொன்னார். ஆண்கள் வேலையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் கேட்டார்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றார். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு அக்கா எழுந்து நின்றாள்.

"இந்தச் சத்தத்துக்கு என்னாங்க செய்வீங்க?" என்று கேட்டாள்.

இளைஞர் அதைச் சிங்களத்தில் சொன்னார். இஞ்சினியர் சிரித்துக்கொண்டே கையை அசைத்தார். மிஷின் கட்டடத்துக்குள்ளேதான் ஓடும், லயம்வரை சத்தமே வராது, பயப்படவேண்டாம் என்று பதில் வந்தது. மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அக்கா வாயைத் திறந்தவள், பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. கொங்கிரீட் ரோடு வந்தது. வாலிபர்கள் கொஞ்சக் காலம் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். வேலை முடிந்ததும் பெரும்பாலானவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மாமாவுக்குக் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தோள் வலி வந்திருந்த சமயம். ஆற்றுக் கட்டுக்குக் காவலுக்கும் துப்புரவுக்கும் ஆள் வேண்டும் என்று கேட்டபோது அவரை எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் பைப்புக்குள் போகிற இடத்தில் இரும்புக் கம்பிகள் இருக்கும். அதில் வந்து அடைகிற இலை, குச்சிகளை வாரி எடுப்பதும், மணல் சேர்ந்தால் திறந்துவிடுவதும் அவர் வேலை. அக்கா சந்தோஷப்படவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். ஆனால் கட்டு இருக்கிற பக்கம் அவள் போகவே இல்லை.

தண்ணீரைப் பைப்புக்குத் திருப்பிய நாளில் நான் பதுளையில் இருந்தேன். சனிக்கிழமை வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது காது அடைத்த மாதிரி இருந்தது. மலைப்பாதையில் பஸ் கிடுகிடுவென்று இறங்கும்போது அடைக்குமே, அப்படி. எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். அடைப்பு நீங்கவில்லை. லயத்துக்கு வந்து எதிரே பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பாறை நின்றது. அதில் ஈரமாக ஒரு கோடு மட்டும் இருந்தது. வெயில் பட்டு அது நத்தை ஊர்ந்த தடம்போல மினுங்கியது.

அதன் பிறகு எங்களுக்கு என்னென்னவோ கேட்கத் தொடங்கியது. கோடிக் காம்பராவில் இருக்கிறவர் இருமுவது கேட்டது. யாரோ உளுந்து அரைப்பது கேட்டது. பக்கத்துக் காம்பராவில் மருமகள் மாமியாரை என்ன சொல்லித் திட்டுகிறாள் என்பது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. நாங்கள் பேசுவதும் அவர்களுக்கு அப்படித்தானே கேட்கும். ஆகவே அக்காவும் மாமாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மெல்லப் பேசத் தெரியாதவர்கள் மெல்லப் பேசப் பழகியதில் பேச்சே பாதியாகக் குறைந்துபோனது. நான் வாரத்துக்கு வாரம் வருகிறவள் என்பதால் அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாரம் சண்டை இல்லை. அடுத்த வாரம் கேலியும் இல்லை. பிறகு சாப்பாடு போடவா, போடு என்பதோடு சரி.

பைப் நல்லதுதான், அதையும் சொல்லவேண்டும். மழையில் வழுக்குப் பாதையில் துணி மூட்டையோடு இறங்கவேண்டியதில்லை. முழங்கால் நோவுக்காரர்கள் கம்பெனிக்காரர்களை வாழ்த்தினார்கள். அக்காவும் அந்தப் பைப்பில்தான் துவைத்தாள். துணியில் ஆற்று வாசம் இல்லை என்று மட்டும் சொல்வாள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்தால் கட்டு நிரம்பி அருவி கொட்டும். ஆனால் அது செம்மண் கலந்த வெறிபிடித்த தண்ணீர், யாரும் கிட்டப் போகமாட்டார்கள். தகரக் கூரைமேல் மழை அறைகிற சத்தத்தில் அது காதுக்கும் வராது. மழை விட்டதும் பாறை பழையபடி காய்ந்துவிடும்.

அப்படியே சில வருடங்கள் போயின. பிறகு நாடு முழுவதும் கஷ்டப்பட்ட அந்தக் காலம் வந்தது. பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கரண்டைப் பகுதி பகுதியாக வெட்டத் தொடங்கினார்கள். ஊர்களைப் பிரித்து பகுதிக்கொரு இங்கிலீஷ் எழுத்து கொடுத்து, எந்த எழுத்துக்கு எப்போது கரண்ட் இருக்காது என்று தினமும் அறிவிப்பு வரும். ஸ்டூடியோவில் மிஷின்கள் எல்லாம் செத்துக் கிடக்கும். முதலாளி கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார். இந்த நாட்டில் ஓடுகிற ஒவ்வொரு ஓடையையும் மறித்துக் கரண்ட் எடுத்திருக்கவேண்டும், எடுக்க விடாமல் செய்தவர்களால்தான் இந்த நிலைமை என்பார். கடைக்கு வருகிறவர்களும் தலையாட்டுவார்கள். எங்கள் ஊரில் எடுத்தார்களே என்று சொல்ல வாயெடுத்து, நான் பிரேம் துடைக்கப் போய்விடுவேன்.

முதல் தடவை அது நடந்தபோது நான் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. எல்லாக் காம்பராவிலும் டீவி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அத்தனையும் நின்றது. யாரோ சலித்துக்கொண்டார்கள். அக்கா கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தூரத்தில் யாரோ அரிசி களைவதுபோல ஒன்று கேட்டது. அக்கா கையை அப்படியே நிறுத்தினாள். அரிசி களைகிற சத்தம் மழைச் சத்தமாயிற்று. வெளியே நல்ல வெயில்.

ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். எதிரே பாறையின் உச்சியில் ஒரு வெள்ளைத் துணி விரிகிறது போலிருந்தது. அது மெல்ல நழுவிக் கீழே இறங்கியது. பாதி வழியில் கல்லில் முட்டி இரண்டாகப் பிரிந்து, மடுவில் விழுந்தது. புகை எழுந்தது. சின்னப் பிள்ளைகள் சிலர் பயந்து அம்மாமாரின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். தெளிந்த தண்ணீரில் அவர்கள் அதைப் பார்த்ததில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா இல்லை. கையில் கழுவி முடிக்காத கோப்பையோடு அவள் ஏற்கெனவே பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கரண்ட் வந்ததும் அருவி நூலாக மெலிந்து நின்றுபோனது. அன்று பின்னேரம் மாமா வேலை முடிந்து வந்தபோது லயத்து ஆண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணுக்கு முன்னால் கரண்ட் செய்கிற மிஷினை வைத்துக்கொண்டு நாங்களும் ஏன் இருட்டில் கிடக்கவேண்டும் என்று கேட்டார்கள். மாமா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"மிஷின் தனியா ஓடாதுங்க. மெயின் லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இதுவும் சுத்தும். அங்க வெட்டினா இதுவும் தானா நின்னுடும். தண்ணிக்குப் போக வேற வழி இல்ல, கட்டுக்கு மேலால வழியுது."

"அப்ப கரண்ட் பண்ற மிஷினுக்கே கரண்ட் வேணுங்கிற" என்றார் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு அல்ல. எங்கள் தண்ணீரைக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள், இவரும் அதற்குக் கூட்டு, அந்தக் கட்டையே உடைக்கவேண்டும் என்று பேச்சு பரவியது. ரோடு வந்தபோது கம்பெனியைப் புகழ்ந்தவர்கள்தான் இப்போது மாமாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள். கரண்ட் போனால் அவர் கட்டுப்பக்கம் ஓடுவார், அக்கா மடுப்பக்கம் இறங்குவாள். ஒரே வாசலிலிருந்து இரண்டு பாதையில் இரண்டு பேரும் போவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வேடிக்கையான வேலை வந்து சேர்ந்தது. மறுநாள் வெட்டு எப்போது என்று போனில் அறிவிப்பு வந்ததும், எங்கள் எழுத்தைத் தேடிப் பார்த்து அக்காவுக்குச் சொல்லவேண்டும். கடையில் முதலாளியும் வாடிக்கையாளர்களும் அதே அறிவிப்பைப் படித்துத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் ஒதுங்கி நின்று, நாளைக்குப் பின்னேரம் இருக்கிறது அக்கா என்று நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறவள்போலச் சொல்வேன். அக்கா அதை மலையில் மற்றப் பெண்களிடம் சொல்வாள். கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு அவர்கள் எல்லோரும் தண்ணிக்குப் போவார்கள். வீட்டில் அரிசி, மாவு இல்லாத காலம், பால்மா இல்லாத காலம். ஆனாலும் அந்த மடுவில் அவர்கள் சிரித்த சிரிப்பு லயம்வரை கேட்கும். உயிரோடு இருக்கிற சந்தோஷம் என்று அக்கா அதைச் சொன்னாள்.

டீசல் இல்லாமல் பஸ் நின்றபோது ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள். நான் தோட்டத்தோடு தங்கிவிட்டேன். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, எல்லோருக்கும் விறகு தேவை. மரம் வெட்டினால் தோட்டத்தில் பிரச்சினை வரும். அருவிக்குக் கீழே காய்ந்து கிடந்த ஆற்றுக்குள் மழைக்காலத்தில் அடித்து வந்த கட்டைகள் பாறைகளுக்கிடையே செருகிக் கிடந்தன. கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துப் போய் அதைப் பொறுக்கினோம். வெட்டு நேரம் வருமுன் ஏறிவிடுவோம். ஆற்றுக்குள் நடப்பது கனவில் நடப்பது மாதிரித்தான் இருக்கும். நான் சின்ன வயதில் காலால் தேடியும் எட்டாத ஆழமெல்லாம் இப்போது காய்ந்த மணல். உருண்டைக் கற்கள் வெயிலில் சூடாகிக் கிடந்தன. பாறை இடுக்கில் பெரணி கருகி நின்றது. அக்கா ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டு நடப்பாள்.

அன்று வெட்டு சாயங்காலத்துக்குத்தான் என்று அறிவித்திருந்தார்கள். நான் கரையில் விறகைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஆற்று நடுவில் ஒரு கட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்கேயோ லைன் பழுதாகியிருக்கவேண்டும், சொல்லாமல் கரண்ட் போய்விட்டது. வெயிலில் நிற்கிற எங்களுக்கு அது எப்படித் தெரியும். மேலே அரிசி களைகிற சத்தம் கேட்டதும் நான் கத்தினேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கரைக்கு ஓடி வருவாள் என்று நினைத்தேன். ஓட இடமிருக்கவில்லை. முதல் தண்ணீர் இலையும் குப்பையுமாகக் கற்களுக்கு இடையே புகுந்து வந்துவிட்டது. அவள் நடுவிலிருந்த பெரிய பாறையில் தொற்றி ஏறினாள். அவள் உட்காரவும், இரண்டு பக்கமும் தண்ணீர் சுழித்து ஓடவும் சரியாக இருந்தது.

எங்களோடு வந்த பக்கத்துக் காம்பராப் பெண் மாமாவைக் கூப்பிட ஓடினாள். நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அசைந்தால் அக்காவைத் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்று ஒரு எண்ணம். மாமா வந்தார், லயத்து ஆண்களும் வந்தார்கள். தேயிலை ஃபெக்டரியிலிருந்து கயிறு கொண்டுவந்தார்கள். கயிற்றை வீசினால் பாறையை எட்டவில்லை. மிஷினை ஓடவிடு, தண்ணீரை உள்ளே இழு என்று ஆளுக்கு ஆள் மாமாவைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். முடியாது என்பதை முன்பு சொன்னபோது சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. பவர்ஹவுஸிலிருந்து எங்கெங்கோ போன் போட்டார்கள். எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மாமா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார். அக்கா அங்கிருந்து கையை நீட்டி வேண்டாம் என்று காட்டினாள். அவர் இன்னொரு அடி வைத்தார். அவள் மறுபடி காட்டினாள். பிறகு கையைத் தாழ்த்தி, உட்காருங்கள் என்று காட்டினாள். மாமா கரையில் ஏறி, அவளுக்கு நேர் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். இடுப்புக் கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை.

அப்படியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அருவியின் புகை காற்றில் வந்து அக்காவை மூடும், விலகும். மூடும்போது மாமா எழுந்து நிற்பார், விலகியதும் உட்காருவார். எத்தனை நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. வெயில் எதிர்மலையின் பாதிக்கு ஏறியிருந்தது. நாங்கள் எல்லோரும் கரண்ட் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றோம். அருவி திரும்பி வந்ததில் சந்தோஷப்பட்டவர்கள், ஆற்றை மறித்த கட்டை உடைக்கவேண்டும் என்று சொன்னவர்கள், மாமாவோடு பேசாமல் இருந்தவர்கள், எல்லோரும்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தால் மட்டும் அவள் எதையும் வேண்டுகிறவளாகத் தெரியவில்லை. மடுவில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பாளே, அதே முகம்.

மேலே லயத்திலிருந்து யாரோ துண்டை வீசிக் காட்டினார்கள். கோயில் கோபுரத்து பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அருவி மெலிந்தது. கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முழங்காலளவுக்குத் தண்ணீர் இறங்கியதும் மாமா நடந்து போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று பழைய குரலில், எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் கேட்டுக்கொண்டே ஈரச் சேலையைப் பிழிந்தாள்.

"பயந்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நீ பயப்படலியா?"

"பயந்தேன். நீங்க தண்ணியில எறங்கினப்பத்தான் பயந்தேன்" என்றாள்.

இது நடந்ததும் லயத்து ஆட்கள் கூடிப் பேசினார்கள். ஆற்றை மறித்த கட்டையே எடுக்கச் சொல்லவேண்டும் என்றார்கள் சிலர். எடுத்தால் பைப்பும் போகும், ரோட்டையும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் இரண்டு விஷயம் கேட்பது என்று முடிவானது. தண்ணீர் வருமுன் ஊதுகிற மாதிரி ஒரு சைரன். கோயில் திருவிழாவில் ஆற்றங்கரையில் கரகம் சோடித்துப் பாலிக்கிற அன்று அருவியில் தண்ணீர். அக்கா மூன்றாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்காரர்கள் சைரன் வைத்தார்கள். திருவிழாவுக்குத் தண்ணீர் விட ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பஸ் ஓடத் தொடங்கி நான் பதுளைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெட்டிக்கொண்டிருந்த பிரேமைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப அந்தக் கட்ட ஒடச்சிரணும்ன்றீங்களா?" என்று கேட்டார். மேலே பல்ப் எரிந்துகொண்டிருந்தது, மிஷின் பிரின்ட் தள்ளிக்கொண்டிருந்தது. நான் வந்து விழுந்த பிரின்ட்களை அடுக்கத் தொடங்கினேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஓடைகளை எல்லாம் மறிக்கவேண்டும் என்று அவர் பேசி அதன் பிறகு நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று பேசியும் கேட்டதில்லை.

மின்வெட்டுக் காலம் முடிந்தது. பாறை காய்ந்துவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வேலைக்குக் கிளம்பும்போது அக்கா, நானும் வருகிறேன் என்றாள். அவர் நம்பாமல் பார்த்தார். என்னையும் கூட்டிக்கொண்டாள். மானாப்புல்லுக்கு நடுவே ஏறுகிற பாதை அது. அத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வருவது முதல் தடவை.

கட்டுக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் கண்ணாடி மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பச்சையாக, கனமாக, தூக்கத்தில் இருக்கிற மாட்டின் முதுகு மாதிரி இருந்தது. அதில் கரையிலிருந்த டர்பன்டைன் தைலமரங்கள் தலைகீழாக நின்றன. ஓரத்தில் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பின. மாமா நீளமான வாரியை எடுத்து, கம்பியில் ஒட்டிய இலைகளை வாரி வாரிக் கரையில் போட்டார். வாருகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஒரு சின்ன மூச்சு விட்டது. அக்கா கொங்கிரீட் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். மாமா வாரியை நிறுத்திவிட்டு அவள் என்ன சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக அத நான் மறந்திட்டேன்னு நெனைக்காதீங்க" என்றாள்.

மாமா வாரியைக் கரையில் சாத்தினார். பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவளிடம் கொடுத்தார். நாங்கள் மூவரும் அதையே மாற்றி மாற்றிக் குடித்தோம். மலை உச்சியிலிருந்து பனிமூட்டம் இறங்கி முதலில் மரங்களை எடுத்தது, பிறகு தண்ணீரில் இருந்த மரங்களை எடுத்தது, பிறகு நாங்கள் வந்த பாதையையும் எடுத்துக்கொண்டது. இப்போது இறங்கினால் வழுக்கும், கலையட்டும் என்றார் மாமா. அக்கா இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவருக்கும் விளிம்பில் இடம் விட்டாள்.